கண்மலராய்ப் போன தகடு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பாதி மறந்தும் போச்சு, பொறுத்துக்கொண்டு படிங்க. எங்கள் மாமாவின் பழைய குத்துவாளை இப்போது யாரோ வாங்கியிருக்கிறாராம். தன் சேகரிப்பில் வைப்பதற்காக அதைப் பழையபடி ஆக்கப்போகிறாராம். அதில் உள்ள பித்தளைத் தகடு மட்டும் வேற வேலையா இருக்கே, எப்படி வந்தது என்று கேட்டு, என் பேரனுக்குச் செல்போனில் படம் அனுப்பியிருக்கிறார். வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

அம்மாவோடு பிறந்த மாமா பட்டாளத்திலிருந்து வந்தபோது கொண்டுவந்தது அது. வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். சும்மா கிடக்கிறதே என்று ஐயா, அதான் எங்கப்பா, அதை ஆசாரியிடம் கொடுத்துப் பிடியைக் கழற்றி, மூங்கில் கம்பில் செருகி, சின்னமனூர்த் தோட்டத்தில் வாழைத்தார் வெட்ட வைத்துக்கொண்டார். பிடிக்கும் அலகுக்கும் நடுவில் இருந்த பித்தளைத் தகட்டை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். கண் மாதிரி நீளமாக, நடுவில் கருவிழிபோல ஓட்டையோடு இருக்கும்.

மாமாவுக்கு இடது கண் தெரியாது. பட்டாளத்தில் குண்டு வெடித்துப் போனது. வெளியிலிருந்து பார்த்தால் கண் நல்லாத்தான் இருக்கும். "வெளிய மூச்சு விட்டுறாத, மாமாவுக்கு யாரும் வேலை குடுக்க மாட்டாக" என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனோம். கண்நோவு தீர அம்மனுக்குப் போடுகிற கண்மலர்த் தகடுகளைக் கடையில் பரப்பியிருந்தார்கள். நம்மிடம்தான் ஒன்று இருக்கே என்று எனக்குத் தோன்றியது. உண்டியல் எனக்கு எட்டாது. மாமா என்னை இடது இடுப்பில் தூக்கி, போடச் சொல்லி ஒரே ஒரு காசு கொடுத்தார். காசுக்குப் பின்னாலேயே தகட்டையும் போட்டுவிட்டேன். தெரியாத கண் பக்கம்தானே, பார்த்திருக்க மாட்டார் என்று தைரியம்.

ஆடி மாசம் ஆள் வந்தது. மேகமலையில் ஒரு எஸ்டேட் முதலாளி பட்டாளத்து ஆயுதங்களைச் சேர்த்துச் சுவரில் மாட்டுகிறவராம். கத்தியைப் பழையபடி ஆக்கிக் கொண்டுவந்தால் மாமாவுக்கு வாட்ச்மேன் வேலை தருகிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். பிடி பரணில் கிடைத்தது. தகடுதான் இல்லை.

வீட்டைப் புரட்டிப் போட்டார்கள்.

"நீருதானய்யா கழட்டினீரு, எங்க வச்சீரு?" என்று ஐயா ஆசாரியைப் பிடித்துக்கொண்டார்.

"பட்டாளத்துக் கத்தியை வாழைத்தாருக்கு மாட்டச் சொன்னது நானா? எம்மேல பாயுறீகளே!"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏ புள்ள, நீ பாத்தியா?"

இல்லையென்று தலையாட்டினேன். அம்மனுக்குப் போட்டதைத் திருப்பிக் கேட்டால் மாமாவின் மிச்சக் கண்ணையும் எடுத்துக்கொள்வாளோ? சொல்லாவிட்டால் வேலை போய்விடுமே? ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. மாமா மட்டும் எதையும் தேடாமல் உட்கார்ந்திருந்தார். பாவம், ஒத்தைக் கண்ணை வைத்துக்கொண்டு எப்படித் தேடுவார் என்று நினைத்தேன்.

கடைசியில் அம்மா தன் கல்யாணச் சீர்ப் பித்தளைத் தாம்பாளத்தைக் கொண்டுவந்து ஆசாரி முன்னால் வைத்தாள். "இதுல வெட்டிக்கங்க." ஆசாரி வெட்டி, அராவி, புகையில் காட்டிக் கறுப்பாக்கிப் பிடியைப் பூட்டினார்.

மலைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார் மாமா. "இடது கையைப் பிடிச்சுக்க ஆத்தா, விட்டுறாத." பங்களாப் படியில் கால் தடுமாறி ரெண்டு தடவை கையை இறுக்கினார்.

முதலாளி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"தகடு புதுசால்ல இருக்கு?"

"ஆமாங்கய்யா. பழசை நான்தான் தொலச்சுட்டேன்."

முதலாளி கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மறைக்காமச் சொன்னியே. சரி, ஒண்ணாந்தேதி வந்துரு" என்றார்.

இறங்கி வரும்போது ஜீப்பில் மாமா என் காதில் சொன்னார்: "அம்மனுக்குப் போட்டதை யாருட்டயும் சொல்லாத ஆத்தா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் அந்தக் கண்ணால் பார்த்துவிட்டார்! அம்மன் பார்வையைக் கொடுத்துவிட்டாள் என்று ரொம்ப வருசம் நம்பிக்கொண்டிருந்தேன். பார்வை வந்திருந்தால் அன்றைக்கு இடது கையைப் பிடிக்க என்னை எதற்குக் கூட்டிப்போனார் என்றுகூட யோசிக்கவில்லை. மாமா போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் உண்டியலில் காசு போடும்போதுதான் புரிந்தது. அவர் கொடுத்தது ஒரு காசு. உள்ளே ரெண்டு சத்தம் கேட்டிருக்கும்.

எந்த வருசம், தகடு என்ன அளவு என்பதெல்லாம் எனக்கு நினைவில்லை. தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். கத்தியை வைத்திருப்பவர் பிடியைக் கழற்றினால் தகட்டின் உள்பக்கம் பார்க்கட்டும். தாம்பாளத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த அம்மா பெயரின் முதல் எழுத்து அதில் இருக்கவேண்டும். இருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். அந்தத் தகட்டை மட்டும் மாற்ற வேண்டாம் என்றும் கேட்டுப் பாருங்கள்.