ஊரடங்கு வேகத்தில் ஒரு கீர்த்தனை

சண்டைக் காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேவாலயத்தில் நாங்கள் கீர்த்தனை பாடுவதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். அப்படி ஓர் ஓட்டம்! ஊரடங்குக்கு முன் எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டும். சீனன்குடாவிலிருந்து வருகிறவர்களுக்கு வழியில் சோதனைச்சாவடிகள் வேறு. பாடகர் குழுவை நடத்திய நான் தாளத்தை முடுக்கி முடுக்கி, மாலை ஆராதனையைப் பாதி நேரத்துக்குள் அடக்கிவிடுவேன்.

வெளியூர்ப் போதகர் ஒருவர், "என்ன டீச்சர், ரயில் பிடிக்கப் போறியளோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா, உயிரைப் பிடிச்சுக்கொண்டு வீட்ட போக" என்றேன்.

அந்தக் காலத்தில்தான், உலகத்து அங்கிலிக்கன் ஆயர்கள் எல்லோரும் இங்கிலாந்தில் கூடும் மாநாட்டில், ஒரு மாலை வழிபாட்டில் பாட எங்கள் நாட்டிலிருந்து நாலு பேரைக் கேட்டார்கள். எங்கள் ஆயர் என்னையும் சேர்த்துக்கொண்டார். எங்கள் சபையே கட்டிய கீர்த்தனை ஒன்றைத் தெரிவு செய்தோம். அதற்கு நாலு சரணம். கடைசிச் சரணம் காணாமல்போனவர்களுக்கான மன்றாட்டு: "கடல் போனவரைக் கரை சேர்த்தருளும்." அதற்கு மட்டும் சபை எழுந்து நிற்கும்.

குழுவில் என் பக்கத்தில் நின்று பாடும் அக்காவின் கணவர் இறங்குதுறைக்கு வேலைக்குப் போனவர். திரும்பி வரவில்லை. நான் புறப்படும் அன்று அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கடைசிச் சரணத்தை விட்டிடாதேங்கோ டீச்சர். இஞ்ச ஒருநாளும் அதை அவசரப்படாம, ஆறுதலாப் பாட ஏலாமப் போச்சு."

"என்ன வந்தாலும் பாடுவன் அக்கா."

அங்கே போனால், ஒத்திகையில் இசைப் பொறுப்பாளரான நெட்டை வெள்ளைக்காரர் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். மூன்று நிமிடம்தானாம். பல்லவியும் ஒரு சரணமும் போதுமாம். போதுமாம்! எனக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. ஒரு சரணம் பாடவா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?

"பொறுங்கோ டீச்சர், நான் கதைச்சுப் பாக்கிறன்" என்றார் ஆயர்.

"கதைக்க வேண்டாம் ஐயா. மூண்டு நிமிஷம் தாராளமாக் காணும்."

ஆயர் என்னைப் பார்த்தார். அவரும் எங்கள் ஊரில் ஊரடங்குக்கு முன் ஆராதனை நடத்தியவர்தானே, விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்தார். மற்றப் பாடகர் மூவரும் கொழும்புக்காரர். "மூச்சைப் பிடிச்சுக்கொண்டு எனக்குப் பின்னால ஓடி வாங்கோ" என்று சொல்லி, இரண்டு நாள் அவர்களை வாட்டி எடுத்தேன்.

பாடுவதற்கு முன் எங்கள் ஆயர், கடைசிச் சரணம் எங்கள் ஊரில் காணாமல்போனவர்களுக்கானது என்று ஆங்கிலத்தில் ஒரே வரி சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் அமர்ந்தார். நான் தொடங்கினேன். அம்மாடி, அந்த வேகம்! இரண்டாம் சரணத்தில் ஆபிரிக்க ஆயர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். மூன்றாவதில் அந்தப் பெரிய ஆலயம் முழுவதும் தாளம் போட்டது. நெட்டை மனிதர் மணிக்கூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

நாலாவதற்கு வந்ததும் கையை உயர்த்தித் தாளத்தை நிறுத்தினேன். நேரம் தாராளமாகக் கிடந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சரணத்தை, ஒவ்வொரு சொல்லாக, அவசரமில்லாமல் பாடினேன். எங்கள் ஆயர் தனியே எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். பிறகு வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்துவிட்டார்கள். வென்றுவிட்டோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அக்கா வீட்டுக்குப் போனேன்.

"முழுக்கப் பாடினீங்களோ?"

"ஓம் அக்கா. ஆறுதலா, முழுக்கப் பாடினனான். உலகத்து ஆயர்மார் எல்லாரும் எழும்பி நிண்டவை, உங்கட மனிசனுக்காக."

"எல்லாருமோ?"

"ஒருத்தர் மிச்சமில்லாமல்."

அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"ஐயோ, அந்த மனிசனுக்கு நாலு பேர் பாத்தாலே வெட்கம். இதைக் கேட்டா குசினிக்குள்ள போய் அடுப்படியில ஒளிச்சுக்கொள்ளும்!"

சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். கணவர் காணாமல்போன பிறகு அக்கா சிரித்து நான் கேட்டது அன்றுதான்.