பட்டியலின் கடைசிப் பக்கம்

அக்கா தையல்காரி. தங்கை வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிறவள். "ஒரே வீட்டுல ரெண்டு ஊசி. ஒண்ணு துணியைக் குத்தும், ஒண்ணு ஆளைக் குத்தும்" என்பார் எதிர்க்கடைக்காரர். தங்கைக்கு ஊசிக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஊசிக்காரி ரத்தம் எடுப்பதோடு விடமாட்டாள். பெண்கள் பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் கேட்பாள்: "ஓட்டர் லிஸ்ட்டுல பேர் இருக்கா?" இல்லையென்றால் மறுநாள் ரிப்போர்ட்டோடு விண்ணப்பமும் வந்துவிடும். "எங்க வீட்டுல அவர் போட்டாலே போதும்" என்று ஒருத்தி சொன்னாள். "சரி, அவர் கையில ரத்தம் எடுத்துட்டுப் போறேன். உங்க சர்க்கரை எவ்வளவுன்னு தெரிஞ்சிடும்" என்றாள் இவள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். ஆறு வருஷத்தில் நாற்பத்தோரு பெண்கள். எட்டாவது வரை படித்த அக்கா ஒருத்தியையும் விடாமல் எண்ணி வைத்திருந்தாள்.

பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்த நாளைக் கொண்டாட அந்த வருஷம் சமுதாயக் கூடத்தில் ஏற்பாடு நடந்தது. அடுத்த ஞாயிறு தேர்தல். அந்தப் பகுதிப் பெண் வாக்காளர்கள் எல்லார் பெயரையும் நீளத் துணியில் தைத்து மேடைக்குப் பின்னால் கட்டுவதென்று முடிவாயிற்று. தைப்பது அக்கா, பேசுவது தங்கை.

அக்கா புதிய பட்டியலை வைத்துக்கொண்டு வரிசை எண்படி தைத்தாள். ஒரு பெயர் முடிந்தால் பட்டியலில் ஒரு கோடு. மூன்று வாரம் வேலை. விழாவுக்கு முந்தின நாள் தங்கள் வீட்டு எண் வந்தது. அக்கா பெயர் இருந்தது. அடுத்து பக்கத்து வீட்டுக்காரி. நடுவில் தங்கை இல்லை. பட்டியலை முதலிலிருந்து பார்த்தாள். கடைசிப் பக்கத்தில், நீக்கப்பட்டவர்களில், தங்கை பெயர் இருந்தது. காரணம்: இடம் மாறியவர்.

பட்டியலை எடுத்துக்கொண்டு தேர்தல் அலுவலகத்துக்கு ஓடினாள்.

"அவங்க வீட்டுக்காரர் வேலை பார்க்கிற ஊருக்குத் தன் பேரை மாத்தியிருக்கார்மா. கூட மாறுறவங்க யாருன்னு கேட்ட இடத்துல இவங்களையும் எழுதிட்டார்" என்றார் எழுத்தர்.

"அவ இங்கதானே இருக்கா. முந்தாநாள் உங்க கையிலதான் ரத்தம் எடுத்தா."

எழுத்தர் முழங்கை மடிப்பைத் தடவிக்கொண்டார். "எனக்குத் தெரியுது. கம்ப்யூட்டருக்குத் தெரியணுமே. சேர்க்கறதுக்குக் கடைசித் தேதி முடிஞ்சு ஒன்பது நாளாச்சு."

"அந்த ஊர்ல போய்ப் போடலாமா?"

"விசாரிக்கப் போனப்ப ஆள் இல்லைன்னு அங்கயும் சேர்க்கலை."

வாசலுக்கு வந்து தங்கை கணவனுக்குப் போன் செய்தாள்.

"குடும்பத்துல யார் யார்னு கேட்டான், எழுதினேன். பொண்டாட்டி பேரை எழுதாம வேற யார் பேரை எழுதச் சொல்றீங்க அண்ணி?"

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா மாப்ளே?"

"இதுல கேட்க என்ன இருக்கு?"

திமிராகச் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பாள். அவன் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். அக்கா போனை வைத்துவிட்டாள்.

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பட்டியலில் விரல் வைத்துக் காட்டிய தங்கை, தன் வரிசை எண் மனப்பாடம் என்று தன் பெயரைத் தேடவேயில்லை. அக்காவுக்கு அதை நினைத்து அழுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

விழா அன்று, கூடத்தின் பின்பக்கம், நாற்காலிகள் அடுக்கியிருந்த இடத்தில் வைத்துச் சொன்னாள். தங்கை கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படித்தாள்.

"அவர் கையெழுத்து மட்டும் போதுமாமா?"

"போதுமாம்."

"நான் போடவே வேண்டாமா?"

அக்கா பட்டியலை வாங்கி மடித்தாள். "துணியில உன் பேரைத் தைச்சிடறேன். ஒரு மணி நேரம் போதும்" என்றாள்.

"வேண்டாங்க்கா. லிஸ்ட்டுல இருக்கிறதுதான் துணியில இருக்கணும்."

வாசலிலேயே எல்லாருக்கும் பட்டியலின் நகல் கொடுத்திருந்தார்கள். மேடையேறிய தங்கை எழுதி வைத்திருந்த பேச்சை எடுக்கவில்லை. "எல்லாரும் கடைசிப் பக்கத்தைப் பாருங்க. என் பேர் அங்க இருக்கு" என்று நடந்ததைச் சொன்னாள். கூடம் முழுக்கத் தாள் புரளும் சத்தம். போன மாதம் கல்யாணமான பெண் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், "என் பேரும் இருக்கு. என்ன பண்றது?" என்று கேட்டாள். அவள் மேடையைப் பார்த்தாள். மேடையில் நின்றவளுக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கை பெண்களைப் பள்ளிக்கூட வாசல் வரை கூட்டிப்போனாள். உள்ளே போனுக்கு அனுமதியில்லை என்றார்கள். "ஊசிக்காரி வெளியிலதானே இருக்கா" என்று ஒவ்வொருத்தியும் தன் போனை அவளிடம் கொடுத்தாள். அவள் சுவரோரம் உட்கார்ந்து மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அக்கா ஓட்டுப் போட்டுவிட்டு, மை வைத்த விரலைப் பின்னால் மறைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"காட்டுக்கா" என்றாள் தங்கை. விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "இன்னும் காயலை. எதுலயும் படாம வெச்சுக்கோ."

அக்கா கையை நீட்டியபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.