தானாக அணைந்துபோன கம்ப்யூட்டர்

என் கணவர் பாகங்களைத் தனித்தனியாக வாங்கித் தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டர் கட்டினார். கடையில் வாங்குவதைவிட அதுதான் உசத்தி என்பது அவர் கட்சி. பக்கத்து ஊரான செனாயில், ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. திருப்புளியைக் கண்டால் கை சும்மா இருக்காது. கட்டியது எனக்காகத்தான். சிங்கப்பூர் கம்பெனி ஒன்றின் கணக்கு வேலையை, மலேசியப் பக்கம் ஜொகூர் பாருவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்தே செய்யும் வாய்ப்பு வந்திருந்தது. கிடைத்துவிட்டால் விடியும் முன்னே எழுந்து, பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடி, இப்போதுபோல் தினமும் சிங்கப்பூர் வேலைக்குப் பாலத்தைக் கடக்க வேண்டாம். மகள் கண் விழிக்கும்போது நான் வீட்டில் இருப்பேன்.

எங்களோடு இருக்கும் மாமியாருக்கு இதில் என்னைவிட ஆசை அதிகம். பாகங்கள் வந்து இறங்கிய அன்று வெள்ளிக்கிழமை. ஒன்றையும் தொடவிடவில்லை.

"புதுச் சாமான்டா. பொட்டு வெக்காம பூட்டாத," என்றார் மகனிடம்.

எல்லாவற்றையும் தாம்பாளத்தில் பரப்பி, சந்தனம் குழைத்து, ஒவ்வொன்றுக்கும் நெற்றி எது என்று தேடித் தேடிப் பொட்டு வைத்தார். "என் மருமக வீட்டோட இருக்கணும்" என்று வாய்விட்டு வேண்டிக் கற்பூரம் காட்டினார். என் கணவர் தன் கண்ணுக்குத் தெரிந்த சந்தனத்தையெல்லாம் பிறகு துடைத்துவிட்டுத்தான் பூட்டினார்.

இரண்டொரு நாளில் வம்பு ஆரம்பித்தது. சும்மா இருக்கும்போதே திரை நீலமாகும், தானாக அணைந்து மறுபடி எழும். காலையில் ஒழுங்காக ஓடிவிட்டு மத்தியானம் விழும், மறுநாள் நேர்மாறு. என் கணவர் விண்டோஸை அழித்து மறுபடி போட்டார். சூடாக இருக்கும் என்று மூடியைக் கழற்றி மேசை விசிறியைத் திருப்பிவிட்டார். நண்பரிடம் பவர் சப்ளை இரவல் வாங்கி மாற்றிப் பார்த்தார். மெமரியைச் சோதிக்கும் புரோகிராம் எல்லாம் சரி என்றது. அதை நம்பி அந்தப் பக்கமே அவர் திரும்பவில்லை. பிறகு சில நாள் விழாமல் ஓடியதும் ஆளுக்குத் தலைகால் புரியவில்லை.

கம்ப்யூட்டர் வழியாகவே நடக்கவிருந்த நேர்காணலுக்கு என் தங்கையின் லேப்டாப்பை இரவல் வாங்கட்டுமா என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"என் மேல நம்பிக்க இல்லயா லா?"

"சும்மா கேட்டேன், விடுங்க," என்றேன். அப்போது கொஞ்சம் பிடிவாதம் பிடித்திருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

நேர்காணல் நன்றாகத்தான் போனது. எப்போது வேலையில் சேரலாம் என்றுகூடக் கேட்டார்கள். பதில் சொல்ல வாயெடுத்தேன், திரை நீலமானது. கைத்தொலைபேசியில் திரும்ப நுழைவதற்குள் அடுத்த ஆளிடம் போய்விட்டார்கள். பிறகு பதில் வந்தது. வீட்டிலிருந்தே செய்யும் வேலை என்பதால், வீட்டில் கம்ப்யூட்டர் ஒழுங்காக உள்ள ஒருவரை எடுத்துக்கொண்டார்களாம். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த வாரமே என் கணவர் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார். மெமரிப் பட்டையை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தவர், "அலமாக்!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளே செருகும் தங்க நிற ஓரத்தில் காய்ந்த சந்தனம். மஞ்சள்மேல் மஞ்சள், பூட்டும்போது தெரியவில்லை. பட்டையில் பளபளவென்று இருந்தது அந்த ஓரம் மட்டும்தான். அதையே நெற்றி என்று மாமியார் எடுத்துக்கொண்டிருக்கிறார். என் கணவர் அழிரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டினார். அதற்குப் பிறகு அது விழவே இல்லை.

"அம்மாகிட்ட சொல்லிடாத," என்றார். தலையாட்டினேன். திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். எனக்காக வேண்டிக்கொண்டவரை எப்படித் திட்டுவது?

இப்போதும் நான் தினமும் பாலத்தைக் கடக்கிறேன். போன வாரம் கிளம்பும்போது மாமியார் வாசல்வரை வந்தார். என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு நகராமல் நின்றார்.

"அன்னைக்கு நா சாமிகிட்ட இன்னும் நல்லா கேட்டிருக்கணும்மா. என்ன கொற வெச்சேன்னே தெரியல."

"நீங்க ஒரு கொறயும் வெக்கல அத்தை. போய்ப் படுங்க," என்றேன்.

உண்மை தெரிந்தால் அழுவார் என்றுதான் மறைத்தோம். தெரியாமலேயே அழுதுகொண்டிருந்தார்.