தோற்க வந்த இரண்டு அணிகள்

சுனாமிக்குப் பிறகு எங்கள் பெண்கள் கூடைப்பந்துக் கழகத்தில் ஏழு பேர்தான் மிஞ்சினோம். மூன்று பேரை அலை கொண்டுபோய்விட்டது. மிஞ்சியவர்களில் ஒருத்திக்கு முழங்கால் சரியில்லை, இன்னொருத்திக்குக் கலியாணம் பேசியாகிவிட்டது. நான்தான் அணித் தலைவி. உயரம் ஐந்தடி, வாய் மட்டும் ஆறடி என்று வீட்டில் சொல்வார்கள்.

மட்டக்களப்பில் அப்போது நான்கு பெண்கள் கழகங்கள் ஆடின. கடலோரத்தில் இருந்த வேறு இரண்டு கழகங்கள் அடியோடு கலைந்துபோயிருந்தன. அவற்றில் தப்பியவர்களை எங்களுக்குள் பிரித்துக்கொடுக்க, போட்டியை நடத்தியவர்கள் ஒரு விதி போட்டார்கள். புள்ளிகளில் கடைசியாக வரும் கழகம் முதலாவதாக ஆளைத் தெரிந்தெடுக்கலாம். பலவீனமான அணி கொஞ்சம் நிமிரட்டும் என்ற நல்ல எண்ணம்தான். அதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு கிழமைகூடத் தேவைப்படவில்லை.

எல்லோருக்கும் வேண்டியிருந்தது ஒரே ஒருத்தியைத்தான். பதினெட்டு வயது, எங்கள் எல்லோரையும்விட ஒரு தலை உயரம். கல்லடியில் கடலுக்குக் கிட்ட இருந்த வீட்டையும் தாய் தகப்பனையும் இழந்து, புளியந்தீவில் சித்தி வீட்டில் இருந்தாள். வந்த நாளிலிருந்து அவள் கல்லடிப் பாலத்தைத் தாண்டவே இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் கடல். பின்னேரங்களில் எங்கள் மைதானத்துக்கு வந்து, நான் எறிகிற பந்தைப் பிடித்து, ஒரு சொல் பேசாமல் கூடைக்குள் போடுவாள். பந்து வளையத்தில் படுகிற சத்தமே கேட்காது.

கடைசி இடத்துக்கு எங்களோடு இழுபட்டுக்கொண்டிருந்தது பாலத்துக்கு அப்பால் உள்ள கழகம். அவர்கள் அவளை எடுத்தால் அவள் பயிற்சிக்குப் போகமாட்டாள், பந்தையே விட்டுவிடுவாள். ஆகவே நாங்கள் தோற்றே ஆக வேண்டும். என் அணிக்கு அப்படித்தான் சொன்னேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி, அவளுடைய உயரம் எனக்கு வேண்டியிருந்தது.

கடைசி ஆட்டம் அவர்களோடுதான். வாவிக்கரை மைதானத்தில் வறண்ட கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. முதல் பந்து கைக்கு வந்ததும் நான் அதை வெளியே எறிந்தேன். எதிரணித் தலைவி அதை எடுத்துவந்து, ஒரு அவசரமும் இல்லாமல் எங்கள் ஆளின் கையிலேயே கொடுத்தாள். அவர்களும் அதே கணக்கோடு வந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

பிறகு நடந்தது இப்போது நினைத்தாலும் கனவு மாதிரித்தான் இருக்கிறது. பத்துப் பேரும் இடுப்பளவு தண்ணீரில் நடப்பவர்கள் போல நடந்தோம். பந்து கைமாறிக் கைமாறிப் போனது, யாரும் பறிக்கவில்லை. கூடைக்கு நேர் கீழே நின்றவள் வானத்தைப் பார்த்து எறிந்தாள். வெயில் மஞ்சளாகி வாவியில் பரவியது. ஒரு தோணிக்காரர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார். கூச்சல் போட்டுக்கொண்டிருந்த சனமும் மெல்ல மெல்ல அடங்கிவிட்டது. எனக்கு வெட்கமே வரவில்லை. ஆறு மாதமாக ஒழுங்காக மூச்சு விடாதவளுக்கு, யாரும் யாரையும் இடிக்காத அந்த ஆட்டம் இதமாக இருந்தது. அது முடியாமலே இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

புள்ளி எழுதும் மேசையில் அந்த உயரக்காரிதான் இருந்தாள். எழுத ஒன்றும் இல்லாமல் பேனையை மூடி வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவர் காத்தான்குடிக்காரர், நாங்கள் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவோம். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் விசிலை ஊதி, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ரெண்டு பக்கமும் தோக்க வந்தா நான் என்னத்துக்கு இஞ்ச நிக்கிற? எல்லாரும் ஊட்டுக்குப் போங்க."

அவள் மேசையை விட்டு எழுந்து நேரே என்னிடம் வந்தாள். "ஏன் அக்கா பந்தை வெளிய எறிஞ்சீங்க?"

"உனக்காகத்தான் புள்ள. அவங்க எடுத்தா நீ பாலம் தாண்ட வேணுமே."

அவள் முகம் மாறிப்போனது. "தாண்டமாட்டன் எண்டு ஆரு சொன்ன? என்னட்டக் கேட்டீங்களா?"

ஒருவரும் கேட்டிருக்கவில்லை. ஆறடி வாய் இருந்தும் நான்கூடக் கேட்கவில்லை.

அடுத்த கிழமை விதியை மாற்றினார்கள். நானாவின் யோசனைதான். முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் கழகத்துக்கு ஒரே ஒரு துண்டுச் சீட்டு, பெயரெழுதிக் குலுக்கி எடுப்பது. இனித் தோற்று ஒரு பிரயோசனமும் இல்லை. நானா நான்கு துண்டுகளையும் தன் தொப்பிக்குள் போட்டு அவளிடமே நீட்டினார். அவள் எடுத்தது பாலத்துக்கு அப்பால் உள்ள கழகத்தின் துண்டு. அதைப் பறித்துக் கிழித்துவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அவளோ அந்த அணித் தலைவியிடம் திரும்பி, "நாளைக்கு எத்தின மணிக்குப் பயிற்சி?" என்று கேட்டாள்.

மறுநாள் பின்னேரம் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"பாலம் மட்டும் வாறீங்களா அக்கா?"

போர் முடிந்து சில வருடங்களில் பக்கத்தில் அகலமான புதுப் பாலம் வந்துவிட்டது. அன்றைக்கு அந்த ஒடுங்கிய இரும்புப் பாலம்தான். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு நடந்தோம். பாதி வழியில் அவள் நின்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். கீழே வாவி அசையாமல் கிடந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ, வாகனங்கள் ஹோன் அடித்து அடித்துப் போயின.

"கிறுகி வீட்ட போவமா?" என்று கேட்டேன்.

அவள் கையை விட்டாள். "நீங்க போங்க அக்கா. பயிற்சி முடிஞ்சு மறுகா நான் தனியத்தானே திரும்பி வரவேணும்."

மறுமுனையில் அந்தக் கழகத்துப் பெண்கள் இரண்டு பேர் காத்துக்கொண்டு நின்றார்கள். அவள் அவர்களை நோக்கி நடந்தாள். நான் திரும்பிப் போகாமல் நடுப்பாலத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில மாதங்கள் கழித்து அவர்களுடைய மைதானத்தில், கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில், அவளுக்கு எதிராக ஆடினேன். கடைசி நிமிடம், புள்ளிகள் சமம், பந்து அவள் கையில், எதிரே நான். என் கைகள் மேலே எழவில்லை. இவளுக்கு இதாவது கிடைக்கட்டும் என்று மனம் இளகிப்போயிருந்தது. அவள் அதைக் கண்டுவிட்டாள். எறியாமல் பந்தைப் பிடித்தபடியே நின்றாள்.

"சும்மா தராதீங்க அக்கா. தடுங்க."

குதித்தேன். அப்படி ஒருநாளும் நான் குதித்ததில்லை. பந்து என் விரல் நுனிக்கு மேலால் போய்க் கூடைக்குள் விழுந்தது. விசில் ஊதியதும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். தோற்றதற்காகத்தான் அழுதேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.