எடுக்காமல் விட்ட சிரிப்பு

நான் பொய் சொல்லிச் சம்பாதிக்கிறவள்தான். இருபத்திரண்டு வருஷமாக, பெறாத பிள்ளைக்காக நெஞ்சில் அடித்துக்கொண்டு சோறு தின்கிறேன். அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பாமல் போனாலும் கோபம் வராது. ஆனால் இதை எழுதுவதற்கு எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை. வசனம் எழுதிக் கொடுக்கவும் ஆள் இல்லை. போன தை மாதம் கீழப்பழுவூரில் ஆரம்பித்து, பெரம்பலூர் லாட்ஜ் வரைக்கும் என் கூடவே வந்தது இது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

டிவியில் என்னைப் பார்த்திருப்பீர்கள். பெயர் ஞாபகம் வராது. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், "நீங்க அந்த அம்மாதானே?" என்று கேட்பீர்கள். ஆமாம், அந்த அம்மாதான். திரையில் என் பெயர் சண்முகப்பிரியா. முதல் பட டைரக்டர் வைத்தது. அரியலூர் பக்கத்தில், சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பள்ளத்தை ஒட்டிய ஊரில், பிறந்தபோது வைத்த பெயர் கொளஞ்சி. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் செத்துப்போய்விட்டார்கள். சென்னையில் ஒருவருக்கும் தெரியாது.

கதாநாயகியின் தோழியாக நாலு படம் நடித்தேன். ஐந்தாவது படத்தில் இரண்டாவது கதாநாயகி. போஸ்டரில் என் முகம் இருந்தது. பசை காய்வதற்குள் தியேட்டரில் படத்தைத் தூக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு சீரியல். அண்ணி, சித்தி, மாமியார், அம்மா. முப்பத்திரண்டு வயதில், என்னைவிட ரெண்டு வயது மூத்த ஆளுக்கு அம்மாவாக நடித்திருக்கிறேன். தலையில் வெள்ளைப் பவுடர் கொட்டிக்கொண்டால் போதும், அம்மா ரெடி. டி.ஆர்.பி. இறங்கினால் கதையில் முதலில் சாவது யார் என்று நினைக்கிறீர்கள்? அம்மாதான். நான் சாகாத சேனல் கிடையாது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவரை அப்படியே எழுப்பி வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். டைரக்டர் 'கட்' சொன்னதும் கட்டை அவிழ்த்து, மாலையைக் கழற்றி, கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். அது படத்தில் வராது. செத்தது நடிப்புக்குத்தான், ஆள் நன்றாக இருக்கிறாள் என்று கேமராவுக்குச் சொல்லிவிடுவது. அப்புறம் பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். பெரிய டைரக்டரோ சின்ன டைரக்டரோ, சாமி கும்பிடுகிறவரோ கும்பிடாதவரோ, இதை மட்டும் யாரும் விடமாட்டார்கள். சிரிப்பு ஷாட் என்று சொல்வோம்.

என் மகள் நந்தினிக்கும் இது தெரியும். திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸிங் படிக்கிறாள். கடைசி வருஷம். அவளுக்கு அப்பா இருக்கிறார், எங்களுக்குத்தான் இல்லை. அவளுக்கு நான், எனக்கு அவள். அவ்வளவுதான் குடும்பம். நான் சாகிற அன்றைக்கெல்லாம் சாயங்காலம் போன் செய்து ஒரே கேள்விதான் கேட்பாள். "அம்மா, சிரிச்சியா?" சின்னப் பிள்ளையாக ஷூட்டிங்குக்கு வந்து, மாலையோடு நான் படுத்திருந்ததைப் பார்த்து அலறிய நாளில் ஆரம்பித்த பழக்கம். சிரிச்சேன்டி என்று சொன்னால்தான் சாப்பிடப் போவாள்.

கீழப்பழுவூரில் அன்றைக்கு நடந்தது ஒரு சின்ன பட்ஜெட் படம். டைரக்டர் முத்தமிழ்செல்வன் இந்தப் பக்கத்துப் பையன்தான். மரியாதை தெரிந்தவன். முருகையன் என்பவரின் பழைய ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். வாசலில் பெஞ்சு போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள். எனக்கு மேக்கப் சரிசெய்கிற டச்சப் அனிதா, பதினைந்து வருஷமாக என்னோடு இருக்கிறவள், தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டினாள். கால் பெருவிரல் இரண்டையும் கயிற்றால் கட்டினாள். அனிதா எப்போதும் பூ முடிச்சுதான் போடுவாள். ஒரு இழுப்பில் அவிழ்ந்துவிடும்.

சுற்றி அழுவதற்கு உள்ளூர்ப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். கதையில் என் பெயர் பாக்கியம். "பாக்கியம், பாக்கியம்" என்று அழச் சொல்லியிருந்தார்கள். அழுதார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு இந்த வேலை பிடிக்கும். வசனம் கிடையாது, யாரும் திட்டமாட்டார்கள், படுத்துக்கொண்டே இருக்கலாம். அந்த அளவுக்கு அலுத்துப்போயிருந்தேன்.

அப்போது என் காலை யாரோ பிடித்தார்கள். கை ஜில்லென்று இருந்தது. வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. அந்த வெயிலில் அப்படி ஒரு ஜில்லிப்பு... காலடியிலிருந்து ஒரு குரல் மட்டும் தனியாக அழுதது.

"எங் கொளஞ்சீ..."

கண்ணைத் திறக்க முடியாது, ஷாட் போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்து ஊர்தானே, என்னைத் தெரிந்த யாரோ இருப்பார்கள் என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டேன்.

"கட்" என்ற அதே நொடியில் ஜெனரேட்டர் நின்றது. டீசல் தீரவில்லை, ஒயரும் போகவில்லை. சும்மா நின்றது. லைட்மேன்கள் என்னவெல்லாமோ செய்து பார்த்தார்கள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கேமரா பேட்டரியும் இறங்கிவிட்டது. கட்டுகளை அவிழ்த்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். காலடியில் ஒரே ஒரு பெண் இன்னும் உட்கார்ந்திருந்தாள். அரக்கு நிறச் சேலை, நாற்பது வயது இருக்கும். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முத்தமிழ்செல்வன் ஓடி வந்தான். "அக்கா, மன்னிச்சுக்குங்க. சிரிப்பு ஷாட்ட காலைல மொத வேலையா எடுத்துடலாம்."

"இன்னைக்கே எடுத்துடணும்பா."

"கேமராவே ஆன் ஆகலக்கா."

வாதாட எனக்குத் தெம்பில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் சிரிக்காமல் நான் கிளம்பியது அன்றைக்குத்தான்.

லாட்ஜ் பெரம்பலூரில். அனிதா சாமான்களை எடுத்துவைத்துவிட்டு யூனிட் வேனில் வருவதாகச் சொன்னாள். நான் மட்டும் காரில் கிளம்பினேன். டிரைவர் பாலாஜி பேசாத ஆள், அதுவும் நல்லதுதான். அரியலூர் தாண்டியதும் சிமென்ட் லாரிகள் வரிசை கட்டி நின்றன. கண்ணாடியெல்லாம் வெள்ளைத் தூசி. கால் மரத்துப்போன மாதிரி இருக்கிறதே என்று செருப்பைக் கழற்றிக் குனிந்து பார்த்தேன்.

பெருவிரல் இரண்டும் சேர்த்துக் கட்டியிருந்தது.

'கட்' சொன்னதுமே கயிற்றை நானே அவிழ்த்திருந்தேன். பெஞ்சிலிருந்து கார் வரைக்கும் செருப்பு மாட்டிக்கொண்டு நடந்து வந்தேன். கட்டிய காலோடு எப்படி நடக்க முடியும்? அதுவும் இது அனிதாவின் பூ முடிச்சு இல்லை. இறுக்கிப் போட்ட முடிச்சு. நிஜமான சாவு வீட்டில் போடுகிற முடிச்சு.

"பாலாஜி, யாராச்சும் கார்ல ஏறுனாங்களா?"

"இல்லங்கம்மா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. போ."

நகம் பிய்ந்துபோகிற மாதிரி இழுத்து அவிழ்த்தேன். கயிற்றை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தேன். அது ஒரு லாரி டயருக்கு அடியில் போவதைப் பார்த்தேன்.

லாட்ஜ் வந்து சேர்ந்தபோது ஏழு மணி. கீழே பஸ் ஸ்டாண்ட் சத்தம். பரோட்டாக் கடையில் கல்லைத் தட்டுகிற சத்தம். இவ்வளவு ஜனம் இருக்கிற இடத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தைரியம் வந்தது. முகத்தைக் கழுவினேன். மேக்கப் போய்விட்டது. தாடையைச் சுற்றித் துணி கட்டிய தடம் மட்டும் போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை.

நந்தினி போன் செய்தாள்.

"அம்மா, சிரிச்சியா?"

"ம். சிரிச்சேன்டி."

"கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"களைப்பு. நீ போய் சாப்புடு."

இதில் அவளிடம் அதுவரை பொய் சொன்னதில்லை. ஆனால் என்ன செய்ய? சொல்லியிருந்தால் பிள்ளை சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும். எனக்கே பயமாக இருந்தது. நான் போய்விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று கட்டிலில் சாய்ந்தபடி நினைத்தேன். காலை நீட்டினேன்.

நீட்ட முடியவில்லை.

அதே கயிறு. அதே முடிச்சு. கயிற்றில் சிமென்ட் தூசி ஒட்டியிருந்தது...

டக். டக்.

கதவு.

"அனிதாவா?"

டக். டக்.

பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தேன். போய்க் கதவைத் திறந்தேன்.

அரக்குச் சேலை.

"அம்மா, நாந்தாங்க. ஒங்க காலப் புடிச்சுக்கிட்டு அழுதன்ல."

கீழப்பழுவூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். எப்படி வந்தாள்? அவள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. முகத்தில் ஒரே அலுப்பு. என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது.

"ஒரு போட்டோ எடுத்துக்கலாங்களா?"

ரசிகர்கள் கேட்பதுதான். எத்தனை ஆயிரம் பேர் கேட்டிருப்பார்கள். எடுத்துக் கொடுத்தால் போய்விடுவாள் என்று தோன்றியது.

"எடுங்க."

"எங்கிட்ட போனு இல்லங்க. ஒங்கதுல எடுங்க. அது போதும்."

என் போனை எடுத்தேன். அவள் பக்கத்தில் போய் நின்றேன். மூச்சு விடுகிற சத்தம் ஒன்றுதான் கேட்டது. அது என்னுடையது.

போனைத் தூக்கினேன். அவள் சிரித்தாள். வாய் நிறைய, கண் நிறைய. இத்தனை நாள் அடக்கிவைத்திருந்த மாதிரி ஒரு சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

க்ளிக்.

"எனக்கு எடுத்தாச்சு," என்றாள். பெருமூச்சு மாதிரி சொன்னாள். "நான் போறன், கொளஞ்சி."

படியில் காலடிச் சத்தம் கேட்கவில்லை...

எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை.

காலையில் கீழப்பழுவூருக்குப் போனோம். கயிறு திரும்ப வரவில்லை. அனிதா எனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே என்ன ஆயிற்று என்று கேட்டாள். போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன்.

"கண்ண மூடிட்டீங்களேக்கா," என்றாள்.

பார்த்தேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நான். கண் மூடியிருந்தது. வாய் இறுகியிருந்தது. க்ளிக் செய்யும்போது நான் கண்ணை மூடவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

டீ கொண்டுவந்த முருகையன் எட்டிப் பார்த்தார். அவர் கையிலிருந்த தட்டு சாய்ந்தது.

"இத எப்பம்மா எடுத்தீங்க?"

"நேத்து ராத்திரி, லாட்ஜுல."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"இவ காத்தாயிம்மா. எங்க கொல்லையில வேல செஞ்சவ. ரெண்டு வருசம் முந்தி இதே வூட்ல ஒரு நாடகம் எடுத்தாங்க. பொணமா நடிக்கிறவங்க வர லேட்டாச்சு. சரின்னுட்டு இவள மாலையோட படுக்கவச்சுத் தூரத்துலேருந்து புடிச்சாங்க. அப்புறம் அந்த நடிகை வந்தாங்க. கிட்டக்கப் புடிச்சாங்க. அவங்களச் சிரிக்க வச்சு எடுத்தாங்க."

"இவங்களுக்கு?"

"எனக்கும் எடுங்கய்யான்னு கேட்டா. ஒனக்கெதுக்கும்மா, ஒம் மொகமே தெரியலையேன்னு சொல்லிட்டுப் பெட்டியக் கட்டிட்டாங்க. பாவம், வேன் பின்னாலயே ரோடு வரைக்கும் ஓடுனா. அந்த மாசம் தாண்டல. காய்ச்சல்னு படுத்தா, எழுந்திரிக்கல."

அனிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நானே முத்தமிழ்செல்வனைக் கூப்பிட்டேன். வேறு எதையும் எடுப்பதற்கு முன்னால் என் சிரிப்பை எடு என்றேன். கேமரா வைத்தார்கள். நின்றேன். நந்தினியை நினைத்துக்கொண்டு சிரித்தேன்.

"சிரிங்கக்கா," என்றான்.

"சிரிச்சேனேப்பா."

"இன்னொரு தடவ..."

சிரித்தேன். அவன் மானிட்டரைப் பார்த்தான். கேமராமேனைப் பார்த்தான். கேமராமேன் லென்ஸைத் துடைத்தான். மறுபடியும் சிரித்தேன்.

"சரிக்கா. போதும்," என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். பூசணிக்காய் உடைத்தார்கள்.

போதும் என்று சொல்லிவிட்டான். சரியாகத்தான் இருக்கும்.

காரில் உட்கார்ந்ததும் நந்தினிக்கு வீடியோ கால் போட்டேன். நேற்றுச் சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட வேண்டும் என்று ஒரு அவசரம்.

"ஷாட் எடுத்தாச்சுடி. சிரிச்சாச்சு. காயும் ஒடச்சாச்சு."

அவள் திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தாள்.

"ஏம்மா மூஞ்சிய அப்புடி வச்சிருக்க?"

"எப்புடி?"

"தெரியல... எங்க, ஒரு தடவ சிரி."

சிரித்தேன்.

"சிரிம்மா."

பல் தெரிய. கன்னம் வலிக்க.

"அம்மா, வெளயாடாத..." அவள் அழ ஆரம்பித்தாள். "சிரிம்மா..."

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.