ஆறாம் நாள் மண்டகப்படி

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று நாலு பேர் சொன்னதால் வந்த வினை இது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஆலங்குடியிலிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுகிற சின்ன ஊர் எங்களுடையது. பங்குனியில் மாரியம்மனுக்குப் பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாள் பூசையையும் புறப்பாட்டையும் ஊரில் ஒரு கூட்டத்தார் ஏற்று நடத்துவார்கள். அதற்கு மண்டகப்படி என்று பெயர். எங்கள் ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேறு கணக்கு எதுவும் வேண்டாம், திருவிழா நோட்டீஸை ஒரு தடவை வாசித்தால் போதும். இரண்டாம் நாள் மேலத்தெரு. மூன்றாம் நாள் தெலுங்குத் தெரு. அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கும் வாசலுக்கு வந்தால் தமிழும் பேசுவார்கள். நான்காம் நாள் மராட்டித் தையல்காரர்கள், மொத்தமே ஐந்தாறு வீடு. ஐந்தாம் நாள் கட்டுமாவடியிலிருந்து மீன் கொண்டுவந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். அவர்கள் நாளில் அம்மனுக்கு மாலை மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். தேர் அன்றைக்கு நீர்மோர் கொடுப்பது ராவுத்தர் தெரு, அதுவும் நோட்டீஸில் உண்டு. சர்ச் தெருவில் மைக் செட் வைத்திருந்தவர் பாதி வாடகைதான் வாங்குவார் என்பதால் அவர் பெயரும் அடியில் ஓரமாக இருக்கும்.

ஆறாம் நாளை நடத்திவந்த ரைஸ்மில் குடும்பம் திருச்சிக்குக் குடிபோய்விட, அந்த நாள் காலியாகக் கிடந்தது. அதைக் கேட்டு வந்தவர்கள் சிலோன் காலனிக்காரர்கள். தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கி, எங்கள் ஊர் ஓரத்துத் தைலமரக் காட்டில் வேலைக்கு வைக்கப்பட்டவர்கள். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் புஷ்பம் அந்தக் காலனிதான். அவளுடைய அப்பாதான் காலனிக்காக முன்னால் நின்று பேசுகிறவர். மூன்று வருசம் விடாமல் கேட்டார். "பாப்போம்" என்று இரண்டு வருசம் பதில் வந்தது. மூன்றாம் வருசம் தர்மகர்த்தா, "சரி, நடத்துங்க. சரிப்படலைன்னா அடுத்த வருசம் மாத்திக்கிருவோம்" என்றார். காலனிப் பெண்கள் அன்றைக்கே அம்மனுக்குப் புடவை எடுக்கப் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிவிட்டார்களாம். மாம்பழக் கலர் என்று புஷ்பம் என் காதில் சொன்னாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் சொன்னாள்.

என் அப்பாவுக்குக் கோவில் கமிட்டியில் எழுத்து வேலை. எழுத்து வேலை என்று பெயர்தான். அப்பா எழுதினால் சின்ன 'ர'வும் பெரிய 'ற'வும் ஒன்றின் இடத்தில் ஒன்று போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் நோட்டீஸ் எழுதியதும் என்னிடம் கொடுத்து, "தப்பு இருந்தா நீயே திருத்தி எழுதுத்தா" என்பார்.

நானும் திருத்தினேன். 'திறுவிழா'வைத் திருவிழா ஆக்கினேன். 'சிரப்பு' சிறப்பானது. ஆறாம் நாளுக்கு நேரே 'சிலோன்காரர்கள்' என்று இருந்தது. பள்ளிக்கூடத்து மேப்பில் சிலோன் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. புஷ்பமோ அறந்தாங்கி ஆஸ்பத்திரியில் பிறந்தவள். அப்பா இங்கேயும் தப்பு விட்டுவிட்டார் என்று நினைத்து, 'ஊர்க்காரர்கள்' என்று எழுதினேன். அப்பா மேலோட்டமாகப் பார்த்துவிட்டு பிரஸ்ஸுக்குக் கொடுத்தனுப்பினார்.

மஞ்சள் தாளில் அச்சாகி வந்த நோட்டீஸைச் சுவரில் ஒட்டின அன்று காலையிலேயே தெலுங்குத் தெரு வளையல் கடைக்காரர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஆறாம் நாள் ஊர்க்காரவங்களாம்ல. அப்ப நாங்கள்லாம் சந்தைக்கு வந்தவங்களாங்க?"

அவர் பின்னாலேயே வந்த மராட்டித் தையல்காரர், "நாங்க துணி தைக்க வந்தோம். கையில இருக்கிற ரெண்டு சட்டைய முடிச்சதும் கெளம்பிர்றோம்" என்றார்.

அப்பா நோட்டீஸை வாங்கி வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். சாயங்காலம் கோவிலில் கூட்டம் என்று ஆள் வந்தபோது என்னையும் கூட வரச் சொன்னார்.

மண்டபத்தில் தர்மகர்த்தா நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புஷ்பத்தின் அப்பா தூணருகில் நின்றார்.

"ஒரு நாளக் குடுத்தா ஊரையே எழுதிக்கிட்டியேப்பா. பிரஸ்ஸுல போயி நீ மாத்தச் சொன்னியா?"

"இல்லிங்கய்யா. நான் அந்தப் பக்கமே போகல. நோட்டீஸையே இப்பத்தான் பாக்குறேன்."

"பின்ன எழுத்து தானா மாறிக்கிருச்சா? ஆத்தா முன்னாடி நின்னு பொய் சொல்றவனுக்கு மண்டகப்படி எதுக்கு? ஆறாம் நாளை எடுத்திருவோம்."

புஷ்பத்தின் அப்பா கூப்பின கையைப் பிரிக்கவில்லை. எனக்கு அந்த மாம்பழக் கலர் புடவை ஞாபகத்துக்கு வந்தது. அப்பா எழுந்து வாயெடுப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"நாந்தான் எழுதுனேன். புஷ்பம் நம்ம ஊருதானே."

யாரோ சிரித்தார்கள். தையல்காரர் மட்டும், "புள்ள கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. யாரு ஊர்க்காரவுங்க?" என்றார். அதற்குப் பிறகு கூட்டம் யார் கைக்கும் அடங்கவில்லை. வளையல்காரர் தங்கள் ஆட்கள் ராசா காலத்திலேயே வந்தவர்கள் என்றார். எந்த ராசா என்று ஒருவர் கேட்க, அதற்கு ஒரு சண்டை. தர்மகர்த்தா குடும்பமே மதுரைப் பக்கமிருந்து சாமி பெட்டியோடு வந்ததுதான் என்று மேலத்தெருக்காரர் ஒருவர் எடுத்துவிட்டார். இதற்கு நடுவில் புஷ்பத்தின் அப்பா மெதுவாக, "எங்க பாட்டனும் ஆவுடையார்கோவில் பக்கமிருந்துதான் தேயிலைக்குப் போனவருங்க. எந்த ஊருன்னுதான் தெரியல" என்றார். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் கேட்டது.

கடைசியில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த பூசாரி திரும்பினார்.

"ஆத்தாளே வெள்ளத்துல வந்து நம்ம கம்மாக்கரையில ஒதுங்குனவதான். அவளுக்கு எந்தத் தெருன்னு நோட்டீஸ் போடுறது?"

கூட்டம் மொத்தமும் சிரித்தது. தர்மகர்த்தாவும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "அதெல்லாம் சரி. புள்ள தெரியாம எழுதியிருக்கு. நாள் அவங்களுக்கே இருக்கட்டும். அந்த வார்த்தைய மட்டும் அடிச்சிட்டு சிலோன் காலனின்னு எழுதிருங்க" என்றார்.

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. புஷ்பத்தின் அப்பா, "சரிங்கய்யா" என்று சொல்லி அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார். வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். திட்டவில்லை. புஷ்பத்தின் நாளைக் காப்பாற்றியது நான்தான் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கட்டுக்கட்டாக நோட்டீஸை என் முன்னால் வைத்தார் அப்பா. ஒவ்வொன்றிலும் அடித்து எழுத வேண்டும். புஷ்பமும் வந்து உட்கார்ந்துகொண்டாள். யார் வேகமாக எழுதுவது என்று போட்டி வைத்துக்கொண்டோம். அவள் 'சி'யைப் பெரிதாகவும் மற்றதைச் சின்னதாகவும் எழுதினாள். எழுதிக்கொண்டே, "அங்க எங்க அப்பாவ இந்தியாக்காரன்னுதான் கூப்பிடுவாங்களாம்" என்றாள்.

"எங்க?"

"சிலோன்ல."

அங்கே இருப்பவர்களுக்கு ஆள் அடையாளமே தெரியாது போலிருக்கிறது என்று இரண்டு பேரும் சிரித்தோம்.

சாயங்காலம் மகளைக் கூட்டிப்போக புஷ்பத்தின் அப்பா வந்தார். அடிக்காமல் ஒரே ஒரு நோட்டீஸ் மிச்சமிருந்தது. அதை எடுத்து ஆறாம் நாள் இருக்கிற வரியில் விரலை வைத்து வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"இத எனக்குக் குடுக்கிறியா பாப்பா? இப்படியே."

"இருங்க மாமா, இன்னும் திருத்தல" என்று அவர் கையிலிருந்து வாங்கினேன். அடித்தல் கோணக்கூடாது என்று ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன். மேலே 'சிலோன் காலனி' என்று, அன்றைக்கு எழுதியதிலேயே அழகாக எழுதினேன். மை காய வாயால் ஊதி அவரிடம் நீட்டினேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். "எழுத்து நல்லாருக்கு பாப்பா" என்றார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மகளோடு நடந்தார்.

ஆறாம் நாள் மாம்பழக் கலர் புடவையில் அம்மன் வந்ததைப் பார்த்த கண் வேறெதையும் பார்க்க வேண்டாம். இப்போதும் வருசா வருசம் அந்த நாளில் தேங்காய் உடைத்துக் கும்பிடுகிறேன். அவரிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை ஆத்தாளிடம் கேட்கிறேன். அவர் இன்று இல்லை.

'இப்படியே' என்று அவர் சொன்னது அன்றைக்கு என் காதில் நன்றாகத்தான் விழுந்தது. இருட்டுவதற்குள் காலனிக்குப் போக வேண்டுமே, அந்த அவசரத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.