மாற்றுக் கருத்துக்கு வில்ஃப்

ஆல்டர்தோர்ப் ஊரில் அரசாங்கத்தைத் திட்டும் நேரம் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும். உள்ளூர் வானொலியில் அன்றைய தலைப்பைச் சொல்வார்கள். மக்கள் தொலைபேசியில் காத்துக்கிடந்து பத்தரை வரைக்கும் திட்டித் தீர்ப்பார்கள். பிரதமர்கள் வந்தார்கள், போனார்கள். சிலர் முகம் மனதில் பதிவதற்குள்ளேயே போய்விட்டார்கள். ஆனால் திட்டுகிறவர்கள் மட்டும் மாறவில்லை, அதே ஆட்கள்தான். அந்தக் கூட்டத்தில் ஊரே கரித்துக்கொட்டிய ஆள் வில்ஃப் ஹெப்வொர்த்.

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கிக்கொள்ள முதியவர்களுக்குக் கொடுத்துவந்த பணத்தைப் பெரும்பாலானோருக்கு அரசாங்கம் நிறுத்தியபோது, "ரெண்டு ஸ்வெட்டரா போட்டுக்கட்டும்" என்று சொன்னது வில்ஃப்தான். மருத்துவமனையில் இளம் டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, "பிடிக்கலேன்னா வேற வேலை பாக்கட்டும்" என்றதும் அவர்தான். மூன்றாவது பிள்ளைக்கு எதற்கு உதவித்தொகை என்று அவர் கேட்ட அன்று, அவர் தெருவில் மூன்று பிள்ளை பெற்றவள் ஒருத்தி அவரைப் பார்த்ததும் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டாள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வில்ஃப் அப்படிப்பட்ட ஆளே இல்லை. எஃகு ஆலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓட்டுப் போடும் வயது வந்த நாளிலிருந்து தொழிலாளர்களின் லேபர் கட்சிக்குத்தான் போட்டார். எண்பதாம் வருஷத்து வேலைநிறுத்தத்தில் ஆலை வாசலில் பனியில் நின்று கால் விரல்கள் மரத்துப்போனவர். அரசியல் பேச்சு என்றாலே ஒதுங்கிப்போகிற சுபாவம். வீட்டில் அதற்கு வேறு ஆள் இருந்தாள்.

அவர் மனைவி நோரீன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள், அங்கே தொழிற்சங்கத்தின் பிரதிநிதியும் அவள்தான். பேச ஆரம்பித்தால் தலைமையாசிரியர் கதவைச் சாத்திக்கொள்வார். வீட்டில் செய்தி கேட்கும்போது மந்திரி ஒரு வரி சொன்னால் நோரீன் ஒன்பது வரி சொல்வாள். வில்ஃபுக்கு உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே அதைக் கேட்பது பிடிக்கும். தனக்கும் சேர்த்து அவளே கோபப்பட்டுவிடுகிறாள் என்று அவருக்கு ஒரு நிம்மதி.

பிறகு மறதி நோய் வந்தது. முதலில் பெயர்கள் போயின, அப்புறம் ஆட்கள், கடைசியில் பேச்சும் ஏறக்குறைய நின்றுபோனது. வில்ஃப் டீ கொண்டுவந்து கொடுத்தால், "ரொம்ப நன்றிங்க, நீங்க ரொம்ப நல்லவரு" என்பாள், கவுன்சிலிலிருந்து வந்த உதவியாளரிடம் சொல்வதுபோல. அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. கல்யாணமாகி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டது. அவளுக்குத் தன்னைத் தெரியவில்லை என்பதை வில்ஃப் யாரிடமும் சொல்லவில்லை. லீட்ஸில் இருக்கும் மகளிடம்கூட, "அம்மா நல்லாத்தான் இருக்கா, கொஞ்சம் மறக்கிறா" என்று மழுப்பினார். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயம்.

ஒருநாள் காலை வானொலியில் யாரோ ஒருவன், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இலவசச் சாப்பாடு வீண் செலவு என்று பேசிக்கொண்டிருந்தான். நோரீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"யாருடா நீ? பசியோட வர்ற பிள்ளை மூஞ்சிய என்னிக்காவது பாத்திருக்கியா? தட்ட நான் கழுவியிருக்கேன்டா, நக்கி வச்ச தட்டு! உனக்கென்ன தெரியும், பெரிய மண்டையா!"

முழுசான வாக்கியங்கள், பழைய குரல், பழைய திமிர். வில்ஃப் கையில் துணியோடு அப்படியே நின்றார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சிரிப்பும் வந்தது.

ஆனால் அடுத்த சில நாட்கள் பேசியவர்களெல்லாம் பதவிசானவர்கள். நோரீன் வாய் திறக்கவில்லை. வில்ஃப் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தானே வானொலிக்கு ஃபோன் போட்டார். எடுத்தது கீலி. யாரைப் பேசவிடுவது என்று பிரித்து அனுப்புகிற பெண்.

"ஆதரவா பேசப் போறீங்களா, எதிர்ப்பா?" என்று கேட்டாள்.

"உங்களுக்கு எந்தப் பக்கம் ஆள் குறையுதும்மா?" என்றார் வில்ஃப்.

கீலிக்குக் குலதெய்வமே நேரில் வந்ததுபோல இருந்திருக்கும். இரண்டு பக்கமும் பேச ஆள் இருந்தே ஆகவேண்டும் என்பது அங்கே சட்டம். ஒருபக்கம் காலியாக இருந்தால் அவள் பாடு திண்டாட்டம். அன்றிலிருந்து, யாரும் சொல்லக் கூசுகிற பக்கத்துக்கெல்லாம் வில்ஃப் என்று ஆகிவிட்டது. அவர் சமையலறையில் நின்று பேசுவார். சில நொடிகள் கழித்து அதே பேச்சு முன்னறை வானொலியில் வரும். சுவருக்கு அந்தப் பக்கம் நோரீன் அவரைக் கிழி கிழி என்று கிழிப்பாள்.

"என் புருஷன் பேரும் வில்ஃபுதான்" என்று ஒருதரம் வானொலியைப் பார்த்துக் கத்தினாள். "அவன் கால் தூசிக்குப் பெறுவியாடா நீ?"

அதைக் கேட்பதற்காக எந்தப் பாவத்தையும் பேசலாம் என்று அவருக்குத் தோன்றியது.

ஆனால் அந்தப் பாவம் வெளியே போய் வேலை செய்தது. தொழிலாளர் கிளப்பில் ஒரு சனிக்கிழமை, ஆலை வாசலில் அவரோடு பனியில் நின்ற டிரெவர் தன் பியர் கிளாஸைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போனான்.

"என்னடா டிரெவ், எங்க போற?"

"நீ ரேடியோவுல பேசு. நாங்க இங்க பேசிக்கிறோம்."

"அது வந்து..."

"வயசானா புத்தி கெட்டுப் போகும்னு தெரியும். இவ்வளவு தூரம் போகும்னு தெரியாது. நோரீன் காதுல விழுந்தா உன்ன வீட்டுக்குள்ள விடுவாளா?"

நோரீன் காதில் விழுவதற்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மிச்சத்தையும் சொல்லவேண்டும். வில்ஃப் பியரைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அதன்பிறகு கிளப்புக்குப் போகவில்லை. போக நேரமும் இல்லை. நோரீன் இப்போதெல்லாம் இரவில் தூங்குவதில்லை. எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புவதுபோல வாசல் கதவை இழுப்பாள். அவரும் கூடவே விழித்திருக்கவேண்டும். செவ்வாயும் வியாழனும் அவளைப் பகல் பராமரிப்பு நிலையத்துக்கு அழைத்துப் போவார்கள். அந்த இரண்டு பகல்தான் அவருக்குத் தூக்கம். சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுவார்.

அந்த நிலையத்தைத்தான் மூடப்போவதாகச் செய்தி வந்தது. கவுன்சிலிடம் பணம் இல்லையாம், மேலே அரசாங்கம் தரவில்லையாம். அரசாங்கத்தைக் கேட்டால் முன்னால் இருந்த அரசாங்கம் மிச்சம் வைக்கவில்லையாம். மறுநாள் காலை கீலியே கூப்பிட்டாள்.

"வில்ஃப், இன்னைக்கு நீங்க இல்லேன்னா நான் தொலைஞ்சேன். மூடக் கூடாதுன்னு பேச ஊரே நிக்குது. மூடலாம்னு சொல்ல ஒரு ஈ காக்கா இல்ல."

"நான் அந்தப் பக்கம் பேச முடியாதாம்மா? மூடக் கூடாதுன்னு?"

"அய்யோ, அங்க இடமே இல்லியே. நீங்க நம்ம ஆளு, கைவிட்றாதீங்க."

வில்ஃப் முன்னறையை எட்டிப் பார்த்தார். நோரீன் மடியில் கைவைத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் பேசியிருக்கவில்லை. ஒரு கிழவன் வானொலியில் உளறுவதால் கவுன்சில் எதையும் மாற்றப்போவதில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அதை அவர் முழுசாக நம்பவில்லை. ஆனாலும் அவ்வளவு அலுப்பாக இருந்தது.

"சரி, போடும்மா" என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டார். நிகழ்ச்சி நடத்துபவரின் உற்சாகக் குரல் வந்தது. "அடுத்து நம்ம வில்ஃப்! நிலையத்த மூடுறது சரிதான்னு சொல்றீங்க, இல்லியா?"

"ஆமா" என்றார் வில்ஃப். "அவங்கவங்க குடும்பத்த அவங்கவங்கதான் பாத்துக்கணும். எல்லாத்துக்கும் அரசாங்கத்துகிட்ட கை நீட்டுனா எப்படி? எங்க காலத்துல..."

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"வந்துட்டான்யா! அவங்கவங்க பாத்துக்கணுமாம்! நீ பாரேன்டா! ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீ பாத்துப் பாரு, அப்பத் தெரியும்!"

வில்ஃப் ஃபோனைக் காதிலிருந்து இறக்கினார்.

"வில்ஃப்? லைன்ல இருக்கீங்களா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

"என்னது?"

"என் பொண்டாட்டிய. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அவ அந்த நிலையத்துக்குத்தான் போறா. அவளுக்கு என்னையே தெரியாதுங்க. டீ குடுத்தா யாரோன்னு நினைச்சு நன்றி சொல்றா. இத்தன நாளா நான் இங்க பேசுனது ஒண்ணுகூட என் கருத்து இல்ல. இதக் கேட்டாத்தான் அவ வாயத் திறந்து என்னத் திட்டுவா, அதுக்காகப் பேசுனேன். எனக்கு அலுத்துப்போச்சுங்க. தூங்கணும். மூடாதீங்க. அவ்வளவுதான்."

ஃபோனில் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வானொலிக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய பயம் கிடையாது. அவசரமாக ஒரு பாட்டைப் போட்டார்கள். கீலி குறுக்கே வந்து, "வில்ஃப், எனக்குத் தெரியாதே, சத்தியமா தெரியாதே" என்று திக்கினாள். "உன் மேல தப்பில்லம்மா" என்று அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

அவர் காத்திருந்தது முன்னறையின் சத்தத்துக்கு. எதுவும் வரவில்லை. திட்டுவதற்கு அவளுக்கு இனி ஆள் இல்லை, அதையும் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று நினைத்தார். கதவைத் திறந்து போனார்.

நோரீன் வானொலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வடிந்துவிட்டது. ஆனால் பேசினாள்.

"பாவம் அந்த ஆளு. அவனுக்கு வீட்டுல யாருமில்லியா?"

"பொண்டாட்டி இருக்கா" என்றார் வில்ஃப்.

"அப்புறம் ஏன் ஊருக்கெல்லாம் சொல்றான்? அவகிட்டயில்ல சொல்லணும்?"

வில்ஃப் அவள் அருகே வந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு அலுப்பா இருக்கு, நோரீன்" என்றார். "ரொம்ப அலுப்பா இருக்கு."

அவள் திரும்பி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு பக்கத்து நாற்காலியில் கிடந்த போர்வையை எடுத்து இடம் ஒதுக்கினாள்.

"உக்காருங்க. எங்க வில்ஃப் இப்ப வந்துருவான். வந்ததும் உங்களுக்கு நல்லா ஒரு டீ போட்டுத் தருவான்."

வில்ஃப் உட்கார்ந்தார்.